இரண்டு விரல் கத்தரி

இருபத்து நான்கு தறிகள் ஒரே நேரத்தில் அடித்துக்கொண்டிருக்கும் கொட்டகையில் ஒருவன் வாயால் பேசுகிறான் என்றால் அவன் புதிதாக வேலைக்கு வந்தவன் என்று அர்த்தம். காட்டன்பேட்டைச் சந்துக்குள் இருந்த அந்தப் பவர்லூம் கொட்டகையில் பழைய ஆட்கள் எல்லாரும் கையால்தான் பேசினார்கள். கட்டைவிரலை வாய்ப்பக்கம் சாய்த்தால் டீ வந்துவிட்டது. அதே கட்டைவிரலைக் கீழே காட்டினால், தறியில் குறுக்கே ஓடுகிற நாடாவுக்குள் வைக்கிற தார்க்குச்சியில் நூல் தீர்ந்துவிட்டது. ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் கத்தரி மாதிரி திறந்து மூடினால் இழை அறுந்துவிட்டது, தறியை நிறுத்து. உள்ளங்கையை இப்படியும் அப்படியும் ஓடவிட்டால் முடிச்சுப் போட்டாயிற்று, தறி ஓடுகிறது. மூக்குக்குக் கீழே இரண்டு விரலால் முறுக்கினால் மேஸ்திரி வெங்கடசாமி மீசையோடு வந்துகொண்டிருக்கிறார், அவரவர் வேலையைப் பாருங்கள்.

இதெல்லாம் வேலைக்கான சைகைகள். வம்புக்கு இதைப்போலப் பத்து மடங்கு இருந்தன. எல்லம்மாவும் எதிர்வரிசைத் தறியில் நின்ற சின்னத்தாயியும் பதினோரு வருஷமாகக் கையாலேயே நாத்தனார் சண்டையிலிருந்து நேற்றைய குழம்பு வரைக்கும் பேசித் தீர்த்தார்கள். சாயங்காலம் வெளியே வந்து தெருவில் சேர்ந்து நடக்கும்போது இருவருக்கும் பேச ஒன்றுமே இருக்காது.

எல்லம்மாவின் மகள் சோனியா இந்தக் கொட்டகையில்தான் வளர்ந்தாள். பத்து மாதத்தில் வந்த மூளைக்காய்ச்சலில் குழந்தைக்குக் காது போயிற்று. அது தெரியாமல், அவர்கள் குடியிருந்த ஸ்ரீராமபுரத்துச் சனங்கள், தறிச்சத்தத்தில் தூளி கட்டிப் போட்டதால்தான் காது அடைத்துவிட்டது என்று சொல்லிக்கொண்டு திரிந்தார்கள். எல்லம்மா அதை நம்பி மூன்று வருஷம் உள்ளுக்குள்ளேயே அழுதாள். பிறகு ஒரு முகாமில் டாக்டரம்மா காய்ச்சல்தான் காரணம் என்று தெளிவாகச் சொன்ன அன்றைக்கு, பஸ்ஸில் யார் பார்க்கிறார்கள் என்றுகூடப் பார்க்காமல் சத்தமாக அழுதுவிட்டு வீட்டுக்கு வந்து கோழி அடித்துக் குழம்பு வைத்தாள்.

காது கேட்காத குழந்தைக்குக் கொட்டகையைவிட நல்ல இடம் கிடையாது. அங்கே யாருக்குமே காது கேட்காது. இருபது பெண்கள் நாள் முழுக்கக் கையால் பேசுவதைத் தரையில் உட்கார்ந்து பார்த்துப் பார்த்து, நாலு வயதில் சோனியா மேஸ்திரி மீசையை முறுக்கிக் காட்டினாள். ஐந்து வயதில் வம்பிலும் சேர்ந்துகொண்டாள்.

இரண்டாயிரத்து ஒன்றாம் வருஷம் ஜூன் மாதம், வீடு வீடாக வந்த கணக்கெடுப்புக்காரர்கள் ஏழு வயதுப் பெண் ஏன் பள்ளிக்கூடம் போகவில்லை என்று கேட்டார்கள். எல்லாப் பிள்ளைகளையும் சேர்க்கச் சொல்லி உத்தரவு வந்திருக்கிறது என்றார்கள். சோனியாவுக்கு நீல ஸ்கர்ட்டும் ரெட்டைச் சடையும் வந்தன. பக்கத்துத் தெருவில் இருந்த தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் இரண்டாவதும் மூன்றாவதும் ஒரே ஹால், இரண்டுக்கும் ஒரே டீச்சர், மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை. மொத்தம் நாற்பத்தெட்டுப் பிள்ளைகள்.

செப்டம்பரில் ஹெட்மாஸ்டர் சில்வெஸ்டர், எல்லம்மாவைக் கூப்பிட்டு அனுப்பினார். நல்ல மனுஷன். கெட்ட செய்தி சொல்லுவதற்கு முன்னால் டீ வாங்கிக் கொடுத்தார்.

"தப்பா எடுத்துக்காத எல்லம்மா. பொண்ணு போர்டுல இருக்கிறத முத்து முத்தா எழுதிடுது. ஆனா இன்னா எழுதுறோம்னு அதுக்குக் கொத்தில்ல, ஒண்ணும் தெரியல. காதுல மாட்ன மெஷின் கிளாஸ் சத்தத்துல கூ கூன்னு கூவுது, அது கழட்டிப் பாக்கெட்ல போட்டுக்குது."

"வூட்லயும் அப்டித்தான் சார். இரைச்சல் மட்டும் கேக்குதாம், பேச்சு கேக்கலையாம்."

"அதான் சொல்றேன். மைசூர்ல இந்த மாதிரி பசங்களுக்குன்னே ஒரு ஸ்கூல் இருக்குது. ஹாஸ்டல், சாப்பாடு எல்லாம் உண்டு. தசரா லீவு முடிஞ்சு பெரிய ஆபீசர் வர்றாரு, பாத்துட்டு எங்க படிக்கணும்னு முடிவு பண்ணுவாரு. அவரு போகச் சொன்னா நீ இந்த ஃபாரத்துல கையெழுத்துப் போடணும்."

எல்லம்மா ஃபாரத்தை நாலாக மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள். டீ ஆறிப்போயிருந்தது.

அன்றைக்கு வீட்டில் ராகிக் களியும் கருவாட்டுக் குழம்பும். புருஷன் அசோகன் யஷ்வந்தபூர் மார்க்கெட்டுக்கு வெங்காய லோடு ஓட்டுகிற டெம்போ டிரைவர். களி உருண்டையில் குழி பறித்துக் குழம்பை ஊற்றிக்கொண்டே கேட்டான்.

"இன்னா எல்லு, எட்மாஸ்டர் இன்னா சொன்னாரு?"

சொன்னாள்.

"நல்லதுதானே? அங்க அவளுக்குன்னு சொல்லிக்குடுக்க ஆளு இருக்குது. இங்க சும்மா பெஞ்சைத் தேச்சினு குந்தினு இருக்குது."

"ஏழு வயசுய்யா. தனியாத் தலைகூடப் பின்னிக்கத் தெரியாது."

"பின்னிக்கக் கத்துக்கும்."

"பயமா இருந்தா யார்கிட்ட சொல்லும்? அது பேசுற பேச்சு அந்த ஊர்ல யாருக்குப் புரியும்?"

அசோகன் களியை விழுங்கிவிட்டு மகளைப் பார்த்தான். மகள்மேல் அவனுக்கு உயிர். அந்த உயிரினால்தான் அவளை எங்கேயாவது கொண்டுபோய் ஆளாக்கிவிட வேண்டும் என்று துடித்தான். எல்லம்மாவுக்கும் அது தெரியும், அதனால் சண்டை போடவும் முடியவில்லை. இருவர் வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்த சோனியா, தட்டை நகர்த்திவிட்டு இரண்டு விரலைக் கத்தரி மாதிரி திறந்து மூடினாள். பேச்சில் எங்கேயோ இழை அறுந்துவிட்டது, தனக்குப் புரியவில்லை என்று சொன்னாள். புரிய வைக்க எல்லம்மாவுக்கு மனசு வரவில்லை. கருவாட்டுத் துண்டு ஒன்றை எடுத்து மகள் தட்டில் வைத்தாள்.

மறுவாரம் ஒருநாள் கரண்ட் போய்த் தறிகள் நின்றன. மழை பிடித்துக்கொள்ளும் போல இருந்ததால் எல்லம்மா குடையோடு மகளைக் கூட்டிவரப் பள்ளிக்கூடம் போனாள். ஹால் வாசலை மிதிக்கவும் மழை கொட்டவும் சரியாக இருந்தது. ஆஸ்பெஸ்டாஸ் கூரைமேல் அது விழுந்த சத்தத்தில் எல்லம்மாவுக்குக் கொட்டகைக்குள் திரும்பி வந்துவிட்டது போல இருந்தது. வேதநாயகி டீச்சர் கரும்பலகை முன்னால் நின்று தொண்டை நரம்பு புடைக்கக் கத்திக்கொண்டிருந்தாள். ஒரு பிள்ளைக்கும் ஒன்றும் கேட்கவில்லை. வழக்கமாக மழை வந்தால் டீச்சர் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிடுவாள். அன்றைக்கும் அதைத்தான் செய்தாள்.

எல்லம்மா வாசலில் நின்றபடியே உள்ளே இருந்த மகளிடம் கையை ஆட்டினாள். இன்னா பாடம்?

கழித்தல் கணக்கு, என்றன சோனியாவின் கைகள்.

புரிஞ்சுதா?

இரண்டு விரல் கத்தரி. முதல்ல புரிஞ்சுது, நடுவுல அறுந்துபோச்சு.

எங்க அறுந்துச்சு?

சோனியா எழுந்து போய்க் கரும்பலகையில் ஒரு இடத்தைத் தொட்டுக் காட்டினாள். ஐம்பத்திரண்டில் பதினேழைக் கழிக்கிற கணக்கு. இரண்டில் ஏழு போகாது என்கிற இடத்தில் அவள் விரல் நின்றது. ஹால் முழுவதும் இந்த ஊமைக்கூத்தை வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தது. டீச்சரும் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள். மழை விட்ட பிறகுதான் அவளால் கேட்க முடிந்தது.

"இன்னாம்மா பேசிக்கினீங்க ரெண்டு பேரும்?"

எல்லம்மா சொன்னாள். கத்தரி விரலைக் காட்டி அதன் அர்த்தத்தையும் சொன்னாள்.

"கொட்டாயில இழை அறுந்தா தறிய நிறுத்திடுவோம் மிஸ். அறுந்த எடத்தைத் தேடி முடிச்சுப் போட்டாத்தான் மறுபடி ஓட்டலாம். பாக்காம ஓட்டுனா துணி பூரா பாழாயிடும்."

வேதநாயகி டீச்சர் பதினாறு வருஷம் பாடம் நடத்தியவள். புரிந்ததா என்று தினமும் கேட்பாள், புரிந்தது மிஸ் என்று பிள்ளைகள் ஒரே குரலில் தினமும் கத்துவார்கள். அன்றைக்கு அவள் கரும்பலகைப் பக்கம் திரும்பி அந்த இரண்டையும் ஏழையும் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு பிள்ளைகளைப் பார்த்து, "இந்தக் கணக்குல யாருக்கெல்லாம் இழை அறுந்துபோச்சு? காட்டுங்க பாக்கலாம்," என்றாள்.

வாயால் சொல்ல வெட்கப்பட்டவர்கள் விரலால் சொல்ல வெட்கப்படவில்லை. கத்தரிகள் ஒவ்வொன்றாக மேலே வந்தன. டீச்சர் எண்ணிப் பார்த்தாள். நாற்பத்தெட்டில் முப்பத்தொன்று.

"அடப் பாவிங்களா!" என்று டீச்சர் சிரித்துவிட்டாள். "ஜூன்ல இருந்து என்னை ஏமாத்தினு இருக்கீங்களா?"

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் வேதநாயகி டீச்சர் நோட்டும் பேனாவுமாகக் கொட்டகைக்கே வந்துவிட்டாள். புடவை வாங்க வந்த பெரிய பார்ட்டி என்று நினைத்து மேஸ்திரி வெங்கடசாமி ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். விஷயம் தெரிந்ததும் மீசை கொஞ்சம் இறங்கிற்று. ஆனாலும் மனுஷன் துரத்தவில்லை, ஒரு மணி நேரம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று விட்டுவிட்டார். சின்னத்தாயி ஒவ்வொரு சைகையாகக் காட்ட, டீச்சர் நோட்டில் படம் போட்டுக்கொண்டாள். மேஸ்திரி அந்தப் பக்கம் வந்தபோது இருபது கைகளும் ஒரே நேரத்தில் மூக்குக்குக் கீழே போயின. டீச்சர் அதையும் படம் போட்டுக்கொண்டு, டீக்குத் தறிகள் நின்றதும், இதற்கு என்ன அர்த்தம் என்று மேஸ்திரியிடமே போய்க் கேட்டாள்.

"அது சும்னேம்மா, சும்மாத்தான்," என்றார் வெங்கடசாமி. "இவளுங்களுக்கு மூக்கு நமைக்குது."

அதன் அர்த்தம் இருபது வருஷமாக அவருக்குத் தெரியும் என்பது அன்றைக்குத்தான் எல்லாருக்கும் தெரிந்தது.

அதற்கப்புறம் அந்த ஹாலில் நடந்ததைச் சில்வெஸ்டர் சார் முதலில் நம்பவில்லை. இரண்டாம் வகுப்பு வாய்விட்டு வாசிக்கும்போது மூன்றாம் வகுப்புக்கு டீச்சர் கையால் கணக்கு நடத்தினாள். மழை பெய்தாலும் பாடம் நின்றுபோகவில்லை. சைகை போதாத இடத்தில் பிள்ளைகளே புதிதாகக் கட்டினார்கள், கட்டியது சரியா என்று சோனியாவிடம் போய் நின்றார்கள். அவள் தலையாட்டினால்தான் அது செல்லும். ஜூன் மாதம் அவளைச் செவிடு என்று கூப்பிட்டவர்கள் இப்போது அவள் பக்கத்தில் உட்கார இடத்துக்கு அடித்துக்கொண்டார்கள். வீட்டில் இதையெல்லாம் கைவலிக்கச் சொல்லிவிட்டு அவள் தூங்கிப்போவாள். எல்லம்மா மட்டும் அலமாரியில் இருந்த ஃபாரத்தை எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தசரா முடிந்தது. ஆபீசர் வருகிற நாளும் வந்தது. கொட்டகையில் அரைநாள் லீவு சொல்லிவிட்டு எல்லம்மா பத்து மணிக்கே ஃபாரத்தோடு வந்து ஹால் வாசலில் நின்றாள். அக்டோபர்க் குளிருக்குப் பிள்ளைகள் எல்லாரும் ஸ்வெட்டரில் இருந்தார்கள். சோனியாவின் காது மெஷின் பெட்டி ஸ்வெட்டருக்குள் போய்விட்டது, ஒயரை ரெட்டைச் சடை மூடிக்கொண்டது. மூன்றாவது பெஞ்சில் இரண்டு பெண்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தாள்.

முதல் பெஞ்சில் மஞ்சுநாத். வாய் என்றால் அப்படி ஒரு வாய், தமிழும் கன்னடமும் போட்டி போட்டுக்கொண்டு வரும்.

"மஞ்சு, இன்னைக்கு ஆபீசர் போற வரைக்கும் உன் வாயில இருந்து ஒரு சத்தம் வரக்கூடாது," என்றாள் டீச்சர். "அம்மா மேல சத்தியம் பண்ணு."

மஞ்சுநாத் தலையில் கைவைத்துச் சத்தியம் பண்ணினான். டீச்சர் செய்த தப்பு அதுதான்.

கஸ்தூரிரங்கன் என்ற அந்த ஆபீசர் மழமழவென்று சவரம் செய்த முகத்தோடு, மீசையே இல்லாமல், ஹெட்மாஸ்டருடன் உள்ளே வந்தார். யாரோ ஒரு பிள்ளை பார்த்துவிட்டது. அடுத்த நிமிஷம் நாற்பத்தெட்டுக் கைகள் மூக்குக்குக் கீழே போய் முறுக்கின, நாற்பத்தெட்டுத் தலைகள் நோட்டுப் புத்தகத்தில் கவிழ்ந்தன. ஊசி விழுந்தால் கேட்கும். வாசலில் நின்ற எல்லம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"பேஷ், என்ன டிசிப்ளின் சார்!" என்று ஆபீசர் ஆச்சரியப்பட்டார். சில்வெஸ்டர் சாரும்தான். ஆபீசர் முதல் பெஞ்சுக்குப் போய் மஞ்சுநாத்தைப் பார்த்துக் குனிந்தார்.

"உன் பேர் என்னப்பா?"

மஞ்சுநாத் வாயை இறுக்கி மூடிக்கொண்டு, தனக்கென்று வகுப்பில் வைத்திருந்த சைகையைக் காட்டினான். விரல்களைச் சேர்த்துக் காதுப்பக்கம் படபடவென்று அடிப்பது, ஓயாமல் பேசுகிறவன் என்று அதற்கு அர்த்தம். ஆபீசருக்கு அது காதைக் காட்டுவதாகத் தெரிந்தது.

"ஓ, இந்தக் குழந்தைதானா?" என்று மெல்லத் தலையைத் தடவினார். "உனக்கு எத்தனை வயசு?" என்று விரலை மடக்கிக் காட்டிக் கேட்டார். மஞ்சுநாத் எட்டு விரலைக் காட்டினான். அடுத்தடுத்த கேள்விக்கும் பளிச்சென்று கையாலேயே பதில் சொன்னான். "பிரமாதம் சார்! பையன் நன்னாப் புரிஞ்சுக்கறான். இவனை எதுக்கு மைசூருக்கு அனுப்பணும்?"

சில்வெஸ்டர் சார் வேர்த்துப்போய் டீச்சரைப் பார்த்தார். டீச்சர் எல்லம்மாவைப் பார்த்தாள். அப்படியே விட்டுவிடலாமா என்று ஒரு நொடி மூன்று பேருக்குமே தோன்றியது. எல்லம்மாதான் வேண்டாமென்று தலையை ஆட்டினாள். அறுந்ததைப் பார்க்காமல் ஓட்டினால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும்.

"சார், அந்தப் பையனுக்கு நல்லா காது கேக்கும் சார்," என்றாள் டீச்சர். "வாயும் ஜாஸ்தி. நான்தான் பேசக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டேன்."

"அப்போ அந்தக் குழந்தை யாரு?" என்று கஸ்தூரிரங்கன் நிமிர்ந்தார். வகுப்பைச் சுற்றிப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். ஸ்வெட்டர் போட்ட நாற்பத்தெட்டுப் பிள்ளைகள் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "தெரியலையே," என்றார்.

"நானே கண்டுபிடிக்கறேன்," என்று ரோஷத்தோடு ஒரு வாய்க்கணக்கை மடமடவென்று சொன்னார். "ஒரு வியாபாரி அறுபத்துமூணு ஆரஞ்சுப் பழம் வாங்கறான், அதுல இருபத்தெட்டு அழுகிப்போறது, மிச்சத்துல அஞ்சு பழத்தை அவன் குழந்தைகள் சாப்ட்டுடறா, அப்போ விக்கறதுக்கு எத்தனை மிச்சம், சொல்லுங்கோ."

ஹால் முழுக்க இரண்டு விரல் கத்தரிகள் எழுந்தன.

"என்ன இது?"

"நடுவுல இழை அறுந்துடுச்சாம் சார்," என்றாள் டீச்சர். "நிறுத்திட்டு முதல்ல இருந்து சொல்லுங்க."

ஆபீசர் கொஞ்சம் திகைத்தார். ஆனால் நிறுத்தினார். முதலிலிருந்து மெதுவாகச் சொன்னார். டீச்சர் பக்கத்தில் நின்று ஒவ்வொன்றையும் கையால் காட்டினாள். மூன்றாவது பெஞ்சிலிருந்து ஒரு ரெட்டைச் சடை முதலில் எழுந்து வந்து, சாக்பீஸை எடுத்து, மூன்றில் எட்டு போகாத இடத்தில் பக்கத்து வீட்டில் கடன் வாங்கி, மளமளவென்று போட்டு முப்பது என்று எழுதிக் கீழே கோடு இழுத்தது. பிறகு ஆபீசர் பக்கம் திரும்பி, உள்ளங்கையை இப்படியும் அப்படியும் ஓடவிட்டது.

"சரியான விடை," என்றார் கஸ்தூரிரங்கன். "இவளா?"

எல்லம்மாவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "என் பொண்ணுதான் சார்," என்றாள்.

ஆபீசர் ஹெட்மாஸ்டர் அறைக்குப் போய் உட்கார்ந்து எல்லாவற்றையும் விசாரித்தார். சுலபமாகத் தலையாட்டி விடுகிற ஆள் அல்ல அவர்.

"உங்க கொட்டகை பாஷை நன்னாத்தான் இருக்கும்மா. ஆனா அதுல தறிக்கும் டீக்கும் வார்த்தை இருக்கு. நட்சத்திரத்துக்கு இருக்கா?"

எல்லம்மா யோசித்தாள். "இல்ல சார். ராத்திரி ஷிப்டுக்கு இருக்குது."

சில்வெஸ்டர் சார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கஸ்தூரிரங்கனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தபடியே பேனாவை எடுத்து ஃபாரத்தின் பின்பக்கம் நீளமாக எழுதினார். எழுதியதைத் தொண்டையைச் செருமிக்கொண்டு உரக்கப் படித்தார்.

"மேற்கண்ட மாணவியை ஒருங்கிணைந்த கல்வித் திட்டத்தின்கீழ் இப்பள்ளியிலேயே தொடர்ந்து பயில அனுமதித்தும், வாரம் ஒருமுறை சைகை மொழிப் பயிற்றுநர் வருகை தரப் பரிந்துரைத்தும், ஆண்டிறுதியில் முன்னேற்றத்தை மறுபரிசீலனை செய்வதற்கு உட்பட்டும்..."

எல்லம்மா தன்னை அறியாமல் கையைத் தூக்கினாள். இரண்டு விரல்கள் கத்தரி மாதிரி திறந்து மூடின. உடனே நாக்கைக் கடித்துக்கொண்டு கையை இறக்கினாள்.

கஸ்தூரிரங்கன் நிறுத்தினார். ஃபாரத்தை மேஜைமேல் வைத்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு முதலிலிருந்து சொன்னார்.

"பொண்ணு இங்கயே படிக்கட்டும்மா. இன்னும் நெறைய வார்த்தை சொல்லித்தர வாரத்துக்கு ஒருநாள் ஒரு டீச்சர் வருவா. வருஷக் கடைசில நான் மறுபடி வந்து பாக்கறேன். புரிஞ்சுதா?"

புரிந்தது. எல்லம்மா கைகூப்பினாள்.

மத்தியான ஷிப்டுக்கு அவள் கொட்டகைக்குள் நுழைந்தபோது இருபத்து நான்கு தறிகளும் அடித்துக்கொண்டிருந்தன. சோனியாவைத் தூக்கி வளர்த்த அத்தனை பெண்களும் தறியை விட்டு முகத்தை அவள் பக்கம் திருப்பினார்கள். எதிர்வரிசையிலிருந்து சின்னத்தாயி முகவாயைத் தூக்கினாள். இன்னா ஆச்சு?

எல்லம்மா உள்ளங்கையை இப்படியும் அப்படியும் ஓடவிட்டாள். ஒருதரம் போதாமல் திரும்பத் திரும்ப ஓடவிட்டாள்.

சின்னத்தாயி சிரிக்க, வரிசை முழுக்கச் சிரித்தது. தறிச்சத்தத்தில் ஒரு சிரிப்பும் கேட்கவில்லை. இருபது உள்ளங்கைகள் காற்றில் போய் வந்துகொண்டிருந்தன. வாசல் பக்கம் நின்றவளின் கை சட்டென்று மூக்குக்குக் கீழே போயிற்று. எல்லாரும் குனிந்து நூலைப் பார்த்தார்கள்.

வெங்கடசாமி நேராக எல்லம்மாவின் தறிக்கு வந்து நின்றார். இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, யாரும் கவனிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டு, இடுப்புக்குக் கீழே கையை மறைத்து, உள்ளங்கையை ஒருதரம் இப்படியும் அப்படியும் ஓடவிட்டுப் புருவத்தைத் தூக்கினார்.

ஓடுது மேஸ்திரி, என்று எல்லம்மாவின் கை சொன்னது.

அவர் மீசையை முறுக்கிக்கொண்டே அடுத்த தறிக்குப் போனார்.